திரும்பத் திரும்ப வரும் வெண்புள்ளி: மீனுக்கு மருந்தா, தொட்டிக்கு ஓய்வா?

சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் நான்கு அடி நீளக் கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. பாறையும் மணலும் போக 380 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு சோடிக் கோமாளி மீன்கள், ஒரு பவுடர் புளூ டேங், ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு நீல டாம்செல், இரண்டு சுத்திகரிப்பு இறால்கள். இதுதான் குடும்பம். ஜனவரியில் டேங் மீனின் துடுப்பில் ரவையைத் தூவியது போல ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஐந்தே நாளில் மறைந்தன. மார்ச்சில் மீண்டும் வந்தன. இந்த முறை உடம்பு முழுக்க. அதுவும் போய்விட்டது. மே மாதம் மூன்றாம் முறை வந்தபோது கோமாளி மீன்களில் பெண் மீன் இறந்துபோனது. நான்கு ஆண்டுகளாக என் கையால் தின்ற மீன் அது.

அதன் பிறகுதான் ஒவ்வொரு வழியையும் ஒன்றோடொன்று வைத்து நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே நிலையில் நிற்கும் ஒருவருக்கு உதவட்டும் என்று நான் கண்டதை எழுதுகிறேன். நான் வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் முதலில் எடுக்க வேண்டிய முடிவு தொட்டியைப் பற்றியது, மருந்தைப் பற்றியது அல்ல. பெரிய தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் இரண்டரை மாதம் விட நாம் தயாரா, இல்லையா? இதற்கு விடை கிடைத்த பிறகு மருந்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான்.

காரணம் இந்த வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. இதன் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். 1951இல் பெயரிடப்பட்ட, மயிரிழைகளால் நீந்தும் ஒருசெல் உயிரி. நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளியை உண்டாக்குவது வேறோர் உயிரி. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் நன்னீர் வைத்தியத்தை இங்கே கொண்டுவந்து, ஹீட்டரைக் கூட்டி வைப்பவர்கள் உண்டு. கடல்மீன் தொட்டியில் சூட்டைக் கூட்டினால் ஒட்டுண்ணி சாகாது. அதன் சுழற்சிதான் வேகமெடுக்கும். தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும்.

நாம் புள்ளியாகப் பார்ப்பது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுக்கும் பருவம். 3 முதல் 7 நாள் வரை அங்கே இருக்கும். பிறகு, பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு இறங்கிச் சில மணி நேரம் ஊர்ந்து, பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சு உயிரிகளாகும். கூடு வெடித்ததும் அவை நீந்திவந்து மீனைத் தேடும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் இறந்துவிடும். ஆக, புள்ளி மறைந்தது என்றால் நோய் குணமாகிவிட்டது என்று பொருள் அல்ல. ஒட்டுண்ணி மீனிலிருந்து பாறைக்கு இடம் மாறியிருக்கிறது. ஜனவரியில் நான் நிம்மதியாக இருந்த அந்த நாட்களில்தான் அது பாறையில் பெருகிக்கொண்டிருந்தது.

இந்தக் கூடுகள் எல்லாம் ஒரே நாளில் வெடிப்பதில்லை. சில மூன்றாம் நாளே திறக்கும். பல, ஒரு மாதத்துக்குள் திறந்துவிடும். ஆய்வகத்தில் 72 நாள் கழித்துத் திறந்த கூடும் பதிவாகியிருக்கிறது. மீன் வளர்ப்போர் சொல்லும் 76 நாள் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். 72 நாள், அதற்கு மேல் பாதுகாப்புக்கு நான்கு நாள். பவளமோ நத்தையோ இறாலோ இந்த ஒட்டுண்ணிக்கு உணவாகாது. எலும்புள்ள மீன்தான் வேண்டும். அது 76 நாள் கிடைக்காத தொட்டியில் இது அற்றுப்போகும்.

வழிகளை ஒப்பிடும் முன் வந்திருப்பது வெண்புள்ளிதானா என்று உறுதி செய்ய வேண்டும். இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். ரவை அளவுப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ண முடிந்தால், அது வெண்புள்ளி. சலித்த மாவைத் தூவியது போலவோ, பக்கவாட்டு வெளிச்சத்தில் மங்கிய பொன்தூள் போலவோ தெரிந்தால் அது வெல்வெட். அமைலூடினியம் என்ற உயிரியால் வருவது. வெல்வெட் வந்த மீன் பம்பின் நீரோட்டத்துக்கு எதிராகவே நிற்கும், செவுள் படபடவென்று அடிக்கும், சாப்பிடாது. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடலாம். அதற்கு இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். அன்றைக்கே மீன்களை எடுத்துக் காப்பர் என்னும் செம்பு மருந்து கலந்த தண்ணீரிலோ, குளோரோகுயின் என்னும் மலேரியா மருந்து கலந்த தண்ணீரிலோ விட வேண்டும். மீன் கண் மங்கி, உடம்பைப் பாறையில் தேய்த்துக்கொண்டே, ஆனால் புள்ளி எதுவும் இல்லாமல் இருந்தால் தட்டைப்புழுக்களைச் சந்தேகிக்கலாம். சூடும் பி.எச்.சும் சமமாக்கிய நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை விட்டால் அந்தப் புழுக்கள் வெளுத்து எள் எள்ளாக வாளியின் அடியில் விழும். கண்ணால் பார்த்து உறுதி செய்யக் கூடிய சோதனை என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். புழுக்களுக்கான மருந்து பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். முட்டைகளை இது கொல்லாது. ஒரு முறை போட்டுவிட்டு நிறுத்தியவர்கள் வீட்டில்தான் புழுவும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட்டே ஆக வேண்டும்.

இனி வெண்புள்ளிக்கான வழிகள்.

பலரும் முதலில் கைவைப்பது பெரிய தொட்டிக்குள்ளேயே செய்யக் கூடிய எளிய சிகிச்சைகளைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர், “தம்பி, பூண்டுச் சாற்றைத் தீனியில் ஊறவைத்துக் கொடுங்கள், ஐந்து நாளில் போய்விடும்” என்றார். ஐந்து நாளில் போகத்தான் செய்தது. அவர் பொய் சொல்லவில்லை. பலரும் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் பூண்டு கொடுக்காவிட்டாலும் அதே ஐந்தாம் நாள் அந்தப் புள்ளிகள் உதிர்ந்திருக்கும். பவளத்துக்குத் தீங்கில்லை என்று எழுதி விற்கும் புட்டி மருந்துகள் பலவற்றுக்கும் இதே தற்செயல்தான் பெயர் வாங்கித் தருகிறது. இறால், நண்டு போன்ற ஓடுடலிகளையும் நுண்ணுயிர்களையும் விட்டுவிட்டு இந்த ஒருசெல் உயிரியை மட்டும் தேடிக் கொல்லும் மருந்து ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. பூண்டு மணத்தால் சோர்ந்த மீன் சாப்பிடத் தொடங்கினால் அது நல்லதுதான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மற்ற மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் சுத்திகரிப்பு இறாலும் கிளீனர் ராஸ் மீனும் கூட இப்படித்தான். ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கிறது. இறாலின் இடுக்கி அங்கே எட்டாது. பவளத்திட்டில் கிளீனர் ராஸ் பிடித்துத் தின்பவை பெரும்பாலும் நத்தீட் என்னும் சிறு ஓடுடலிகள். அவை வேறு வகை ஒட்டுண்ணிகள். வீட்டுத் தொட்டியில் இந்த ராஸ் மீன் போதிய உணவில்லாமல் மெலிந்தே சாகிறது. ஒரு மீனைக் காப்பாற்ற இன்னொரு மீனைப் பட்டினி போடுவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த வழி, ஒட்டுண்ணி தொட்டியில் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டு அதைக் கட்டுக்குள் வைப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நோயிலிருந்து மீண்ட மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது, அது ஏறக்குறைய ஆறு மாதம் வரை நிற்கிறது என்று மடவை மீன்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதிய ஒட்டுண்ணி எதுவும் வந்து சேராத இடத்தில் ஒரே வம்சம் 34 சுழற்சிகளுக்குள், அதாவது 10, 11 மாதங்களில், தளர்ந்து அற்றுப்போனதும் ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. ஆகவே கோமாளி, டாம்செல் போன்ற திடமான மீன்கள் மட்டும் இருக்கும் வீட்டில், நல்ல தீனி, தகுந்த அளவுள்ள யு.வி. விளக்கு, புதிய மீன் எதுவும் சேர்க்காத கட்டுப்பாடு ஆகிய மூன்றும் இருந்தால் இந்த வழி நிற்கும். யு.வி. விளக்கு, தன் வழியே ஓடும் தண்ணீரில் உள்ள குஞ்சு உயிரிகளை மட்டும் கொல்லும். மீன் தூங்கும் பாறை இடுக்கிலேயே கூடு வெடித்து அங்கேயே மீனைப் பிடித்துக்கொள்ளும் உயிரி அதன் கண்ணில் படாது. எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது.

என் வீட்டில் இந்த வழி தோற்றதற்குக் காரணம் டேங் மீன். நமது இந்தியப் பெருங்கடல் மீன்தான் அது; மாலத்தீவுப் பவளத்திட்டுகளில் கூட்டங்கூட்டமாக மேயும். அந்தப் பரப்பில் மேய்ந்து பழகியதை நான்கடிக் கண்ணாடிக்குள் அடைத்தால் அது ஓயாத பதற்றத்தில் இருக்கும். வெண்புள்ளியை எல்லா மீனுக்கும் முன்பாக வரவேற்பதும் அதுதான். அதன் உடம்பில் பெருகிய கூட்டம்தான் மே மாதம் கோமாளி மீனின் செவுளுக்குப் போனது. செவுளில் இருக்கும் ஒட்டுண்ணி வெளியே தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத மீனும் தொட்டியில் நோயைத் தக்கவைத்துக்கொண்டிருக்கலாம். டேங் வகையோ ஏஞ்சல் மீனோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிக்கடி மின்வெட்டு வரும் பகுதியில் இருப்பவர்களுக்கும்தான். ஒரு நீண்ட மின்வெட்டு, ஒரு கோடை வாரம் 31 டிகிரித் தண்ணீர், அவ்வளவு போதும். அடங்கியிருந்தது எல்லாம் எழும்பிவிடும்.

எனவே ஒழிப்பதுதான் வழி என்று முடிவு செய்தால் இரண்டு வேலைகள் ஒரே நாளில் தொடங்குகின்றன. எல்லா மீன்களும், ஒன்றுவிடாமல், வெளியே வர வேண்டும். பெரிய தொட்டி 76 நாள் காலியாக இருக்க வேண்டும். வெளியே வந்த மீன்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதில்தான் காப்பர், உப்புக் குறைப்பு, தொட்டி மாற்றம், குளோரோகுயின் என்று நான்கு பாதைகள் பிரிகின்றன.

காப்பர் மிகப் பழைய மருந்து, இன்றும் நம்பகமானது. வெண்புள்ளி, வெல்வெட் இரண்டையும் பிடிக்கிறது. வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் நோய் எது என்று சரியாகத் தெரியாதவர் காப்பரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே போதும். ஆனால் இது மீனின் தோலுக்கு அடியில் இருப்பதையும் கொல்லாது, கூட்டுக்குள் இருப்பதையும் கொல்லாது. நீந்தி வரும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். ஆகவே முப்பது நாளும், ஒரு நாள் விடாமல், தண்ணீரில் சரியான அளவு நிற்க வேண்டும். பத்தாம் நாள் சற்றே இறங்கி, அந்த இரவு பத்துக் குஞ்சுகள் மீனை எட்டிவிட்டால் மறுபடியும் முதல் நாள்தான்.

அளவைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க விரும்புகிறேன். காப்பர் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சேர்மங்கள் விற்கின்றன. வெறும் காப்பர் சல்பேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். அமீனுடன் பிணைத்த வகை ஒன்றுக்கு 0.5. வேறு பிணைப்பு வகைகளுக்கு 2 முதல் 2.5. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் பத்து மடங்குக்கும் மேல் தவறிவிடும், மீன்கள் அன்றிரவே செத்துவிடும். புட்டியின் மேல் உள்ள அளவைத்தான் நம்ப வேண்டும். அந்த வகையை அளக்கும் சோதனைக் கருவியைத்தான் வாங்க வேண்டும். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் மலிவான சோதனையில் 2.0க்கும் 2.5க்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணாகக் காட்டும் சிறிய ஒளிமானி ஒன்றுக்குச் செலவிட முடியாதவர் காப்பர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இன்னும் இரண்டு கண்ணிகள். பாறையும் பவளமணலும் காப்பரை உறிஞ்சிக்கொண்டு பின்னால் விடும். அதனால் காப்பர்த் தொட்டியில் வெறும் கண்ணாடியும் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் மட்டும்தான். பெரிய தொட்டியில் காப்பரை ஒருபோதும் விடக் கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். அடுத்தது அம்மோனியா. சிறிய தொட்டியில் அது ஏறினால் கை தானாக அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைத் தேடும். காப்பர் இருக்கும் தண்ணீரில் அதை ஊற்றினால் காப்பர் இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறிவிடக் கூடும். அதே அளவு காப்பர் கலந்து வைத்த புதுத் தண்ணீரால் மாற்றுவதுதான் ஒரே வழி. குள்ள ஏஞ்சல், ராஸ் வகைகள் காப்பருக்கு எளிதில் துவளும். மூன்று நான்கு நாளில் படிப்படியாக ஏற்றினால் பல மீன்கள் தாங்குகின்றன, ஆனால் சாப்பாடு குறையும்.

உப்புக் குறைப்பு என்னும் வழி மருந்தே இல்லாதது. கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 என்றால், இரண்டு நாளில் அதை 1.009க்கு இறக்கி ஒரு மாதம் வைத்திருப்பது. சவ்வூடு பரவலால் ஒட்டுண்ணியின் கூடுகள் நீர் ஏறி அழிகின்றன. எலும்புள்ள கடல்மீனின் இரத்தத்தில் உப்பு கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் மீனுக்கு இது துன்பம் இல்லை. உப்பை வெளியேற்றும் ஓயாத வேலை குறைந்து அதற்குச் சற்றே இளைப்பாறல் கிடைக்கிறது. சில வகைத் தட்டைப்புழுக்களும் இதில் போகும். கேட்பதற்கு மிக இனிமையான வழி.

ஆனால் நம் ஊரில் இது எளிதல்ல. 1.009 என்றால் 1.009தான், 1.012க்கு ஏறிவிட்டால் கூடு பிழைத்துக்கொள்ளும். மே மாதச் சென்னையில், சூட்டைத் தணிக்க மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தால், 60 லிட்டர்த் தொட்டியில் ஒரே நாளில் குறையும் தண்ணீரே அளவைக் கலைத்துவிடும். காலையும் மாலையும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வெளியூர் போகிறவரால் முடியாது. அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். ஊசல் முள் கொண்ட பிளாஸ்டிக் அளவி இந்த நுணுக்கத்துக்கு ஆகாது. தண்ணீர் நீர்த்துப்போவதால் பி.எச். இறங்குவதையும் கவனிக்க வேண்டும். வெல்வெட்டை இது தொடவே தொடாது. குறைந்த உப்பைத் தாங்கும் வெண்புள்ளி வம்சங்களும் ஆய்வுகளில் அகப்பட்டிருக்கின்றன. முப்பது நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவிட்டு, இறுதியில் நம் தொட்டியில் இருந்தது அந்த வம்சம் என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடும். நத்தையும் இறாலும் இல்லை, பெரிய தொட்டியிலேயே உப்பைக் குறைத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பாறைக்குள் இருக்கும் புழுக்களும் சிறு உயிர்களும் ஒன்றாகச் செத்து அம்மோனியாவாகும்.

தொட்டி மாற்றம் என்பது ஒட்டுண்ணியின் நாட்காட்டியை அதற்கு எதிராகவே திருப்பும் வழி. மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி மீண்டும் நீந்தி வரக் குறைந்தது மூன்று நாள் ஆகிறது. அந்த 72 மணி நேரத்துக்கு முன் மீனை முற்றிலும் புதிய தொட்டிக்கு, புதிய தண்ணீருக்கு மாற்றிவிட்டால் இறங்கியவை எல்லாம் பழைய தொட்டியிலேயே நின்றுபோகும். மீனில் மிச்சம் இருப்பவை அடுத்த மூன்று நாளில் இறங்கும், மறுபடியும் மாற்றிவிடுகிறோம். முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் சுத்தமான இடம். ஏழு நாளுக்கு மேல் மீனில் தங்க முடியாத உயிரி பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. மருந்து இல்லை, அளவு தவறும் பயம் இல்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் புதிது என்பதால் அம்மோனியா ஏறவும் நேரமில்லை.

இதன் விலை உழைப்பும் உப்பும். எனக்கு இரண்டு சோடித் தொட்டிகள் தேவைப்பட்டன, ஒவ்வொரு தொட்டியும் 50 லிட்டர். டேங்கும் கோமாளியும் ஒரு சோடியில், ராஸும் டாம்செல்லும் இன்னொரு சோடியில். நான்கு முறை நிரப்ப 400 லிட்டர் உப்புநீர். லிட்டருக்கு 36 கிராம் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 15 கிலோ உப்பு. கடற்கரையில் கேனில் பிடித்துவந்தால் செலவில்லையே என்று தோன்றும். வளர்ப்போர் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒட்டுண்ணியை ஒழிக்கும் வேலையில் கடலிலிருந்து நேராக எடுத்த தண்ணீரை நான் உள்ளே விட மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரின் உப்பு வெகுவாக இறங்குவதும் சேர்ந்துகொள்ளும். பயன்படுத்திய தொட்டி, ஏர் ஸ்டோன், குழாய், வலை எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் கரைசலில் கழுவி வெயிலில் காயவைத்துவிட வேண்டும். ஈரமான வலை ஒன்று முழு உழைப்பையும் அழித்துவிடும். மாற்றும் நேரம் 72 மணியைத் தாண்டவே கூடாது. நான் 70ஆம் மணிக்கே மாற்றினேன். வெல்வெட்டை இந்த வழியால் மட்டும் ஒழிக்க முடியாது, அதன் கணக்கு வேறு.

குளோரோகுயினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேரியா மாத்திரையாக நாம் அறிந்த அதே மருந்து. லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வெல்வெட்டுக்கும் வெண்புள்ளிக்கும் நன்றாக வேலை செய்கிறது, பல மீன்கள் காப்பரைவிட இதை இலேசாகத் தாங்குகின்றன. ராஸ் வகைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் அளக்கக் கருவி இல்லை. பாக்டீரியா அதைத் தின்று தீர்த்திருந்தாலும் நமக்குத் தெரியாது. 250 மில்லிகிராம் பாஸ்பேட் மாத்திரையில் மூல மருந்து 150 மில்லிகிராம்தான் என்பது போன்ற கணக்குகளில் தவறுவதும் எளிது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் காப்பர் போதும்.

இவற்றில் எதை எடுப்பது என்பது வீட்டைப் பொறுத்தது. வெல்வெட் இருக்கலாம் என்ற ஐயம் ஒரு துளி இருந்தாலும் காப்பர். நோய் வெண்புள்ளிதான் என்று உறுதி, ராஸோ குள்ள ஏஞ்சலோ இருக்கிறது, பன்னிரண்டு நாள் வீட்டில் இருக்க முடியும் என்றால் தொட்டி மாற்றம். டஜன் மீன்கள், பெரிய பெரிய உடம்புகள் என்றால் தொட்டி மாற்றம் நடைமுறைக்கு ஒவ்வாது, ஒளிமானியோடு காப்பர்தான். தட்டைப்புழுவும் வெண்புள்ளியும் சேர்ந்து வந்து, வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கிறார், அறையும் குளிர்ச்சியானது என்றால் மட்டும் உப்புக் குறைப்பை யோசிக்கலாம்.

எனக்கு ராஸ் இருந்தது, நோயும் உறுதியாகத் தெரிந்தது. தொட்டி மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு மீன்களையும் பிடிக்கப் பாறைகளை எல்லாம் வெளியே எடுத்து அடுக்க வேண்டியிருந்தது. ராஸ் ஒரு துளைக்குள் புகுந்துகொண்டு இரண்டு மணி நேரம் வரவில்லை. “பாவம், அது ஒன்றுதானே, அங்கேயே இருக்கட்டும்” என்று என் மனைவி சொன்னாள். அந்த ஒன்று இருந்தால் 76 நாளும் வீண் என்று விளக்கியதும் அவளே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். சிகிச்சைத் தொட்டிகளைக் கூடத்தில் வைக்காமல் பின்னறையில் வைத்தேன். வெல்வெட்டின் வித்துகள் காற்றில் தெறிக்கும் நீர்த்துளிகளோடு மூன்று மீட்டர் வரை போகும் என்று கண்டறியப்பட்டிருக்கிறது. வெண்புள்ளிக்கும் அந்த எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பதில் நட்டமில்லை. பதின்மூன்றாம் நாள் முதல் நான்கும் 150 லிட்டர்த் தொட்டி ஒன்றில், நல்ல பாக்டீரியா வளர்ந்து பழுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு, மீதி 64 நாளைக் கழித்தன. அங்கே டேங் மீனும் டாம்செல்லும் ஓயாமல் சண்டையிட்டதால் நடுவே வலைத் தடுப்பு வைக்க வேண்டி வந்தது. இதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

காலியான பெரிய தொட்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. இறால்கள் இரண்டும் அங்கேயே இருந்தன. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகைத் தீனி போட்டேன். இறாலுக்கும் ஆயிற்று, ஃபில்டரின் பாக்டீரியாவுக்கும் ஆயிற்று. தண்ணீர் 28 டிகிரியில் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் 45 நாளே போதும் என்று சொல்வோர் உண்டு. சுழற்சி வேகமாகும் என்பது உண்மைதான். இருந்தும் இன்னொரு மாதம் காத்திருப்பதில் எனக்குச் செலவு எதுவும் இல்லை. தவறாகப் போனால் ஒரு மீன் செலவு. 76ஐ 76ஆகவே விட்டேன்.

மீன்கள் ஆகஸ்டில் வீடு திரும்பின. புள்ளி மீண்டும் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் வரும் எந்த மீனும் பன்னிரண்டு நாள் தொட்டி மாற்றமும், இரண்டு முறை பிராசிகுவான்டெலும், வெல்வெட் தலைகாட்டுகிறதா என்று பார்க்க இரண்டு வாரக் காவலும் முடிக்காமல் கூடத்துக்கு வருவதில்லை. நத்தை ஓட்டிலும் பாறைத் துண்டிலும் கூடுகள் ஒட்டி வரலாம் என்பதால் அவற்றுக்கும் மீனில்லாத வாளியில் அதே 76 நாள். கடையில் எல்லா மீன்களும் ஒரே தண்ணீர்ச் சுற்றில் இருக்கின்றன. தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சும் அங்கே ஒரு வாரம் இருந்தால் போதும், நோய் தொற்றிவிடும்.

தனித்துப்போன கோமாளி மீனுக்குத் துணையாக, பண்ணையில் பொரித்த சின்னக் கோமாளி ஒன்றைச் சென்ற வாரம் வாங்கியிருக்கிறேன். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. பின்னறையில் இரண்டாம் தொட்டியில் பி.வி.சி. குழாய்க்குள் படுத்திருக்கிறது. அடுத்த மாற்றம் நாளை காலை ஏழு மணிக்கு. தண்ணீரை இன்றிரவே கலந்து, ஏர் பம்பு போட்டு வைத்துவிட்டேன்.